மூக்கன் விற்பனைக்கு

1

வியாழக்கிழமை வந்தால் எனக்குக் கோபம் வந்துவிடும். அன்றுதான் இங்கே பழைய லாரிகளுக்கான விளம்பரப் பத்திரிகை வெளிவருகிறது. நம் பக்கத்தில் பழைய லாரி என்றால் எடைக்குப் போகிற லாரி. இங்கிலாந்தில் அதற்கென்று ஒரு கூட்டமே இருக்கிறது. முப்பது நாற்பது வருஷத்துக்கு முன்னால் செய்த வண்டியைத் தேடிப் பிடித்து வாங்கி, சனி ஞாயிறுகளில் பிரித்து மாட்டி, வெயில் காலத்தில் வரிசையாக நிறுத்தி அழகு பார்ப்பார்கள். செய்துவிட்டுப் போகட்டும். ஆனால் அந்த வண்டிகளை விற்கிறவன் இருக்கிறானே, அவனைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

போன வாரத்துப் பத்திரிகையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு படம், மழையில் எடுத்தது. வண்டியின் முக்கால்வாசியைத் தார்ப்பாய் மூடியிருக்கிறது, மீதிக் கால்வாசியை முள்செடி மூடியிருக்கிறது. கீழே எழுதியிருக்கிறான்: ‘நிறுத்தும்போது ஓடிக்கொண்டிருந்த வண்டி.’ அடப்பாவி, உலகத்தில் எந்த வண்டியடா ஓடாமலேயே நின்றது? இன்னொருவன் ‘சில்லறை வேலைகள் உண்டு’ என்கிறான். படத்தில் டிரைவர் சீட் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு மரம் முளைத்து ஜன்னல் வழியாக வெளியே வந்திருக்கிறது. மூன்றாவது படத்தில் பாதிக்கு மேல் எடுத்தவனுடைய கட்டைவிரல். போன் பண்ணினால் அவன் மனைவி எடுத்து, அவர் வெளியே போயிருக்கிறார், எனக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று வைத்துவிடுகிறாள்.

உனக்கு என்ன அதைப் பற்றி என்று கேட்பீர்கள். நான் இங்கே ஒரு பஸ் டிப்போவில் மெக்கானிக். என்னோடு வேலை பார்க்கிற ஹாரி என்கிற வெள்ளைக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், சரியான லாரிப் பைத்தியம். சனிக்கிழமைகளில் இந்த விளம்பரங்களைப் பார்த்துக் கிளம்புவார், துணைக்கு என்னையும் இழுத்துக்கொள்வார். இரண்டு மாதத்துக்கு முன்னால் அப்படி ஒரு பண்ணைக்குப் போனோம். விற்கிறவன் கையில் டீயோடு வெளியே வந்தான். எங்களைக் குடிக்கிறீர்களா என்றுகூடக் கேட்கவில்லை. தூரத்தில் கையைக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டான். லாரிக்குள் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்து அது கொத்த வந்தது.

எனக்கு வந்ததே ஆத்திரம். அந்த ஆளைக் கூப்பிட்டு, ஸ்டெப்னி எங்கே என்று கேட்டேன். அவனுக்கு அந்த வார்த்தையே தெரியவில்லை. மாற்றுச் சக்கரத்துக்கு அந்தப் பெயர் பிறந்ததே அவன் நாட்டில்தான். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் பஞ்சர் ஒட்டுகிறவனுக்குத் தெரிகிறது, இவனுக்குத் தெரியவில்லை. விற்கிற சாமான் மேல் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றக்கூடாதா ஐயா, எங்கள் ஊரில் மாட்டை விற்கக் கொண்டுபோனால்கூடக் கொம்பு சீவி, எண்ணெய் தடவி, கழுத்தில் மணி கட்டித்தான் கொண்டுபோவார்கள் என்று என் இங்கிலீஷில் சத்தம் போட்டேன். அவன் டீயைக் குடித்தபடி கேட்டுக்கொண்டு நின்றான்.

திரும்பி வரும்போது காரில் ஹாரி சொன்னார். “அழுக்கோடு இருந்தால் எனக்குச் சந்தோஷம்தான். அழுக்கை நான் கழுவிக்கொள்வேன். எவனாவது புதுப் பெயிண்ட் அடித்து வைத்திருந்தால்தான் எனக்குப் பயம். அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாதே.” நான் தலையை ஆட்டினேன். மனசு ஒத்துக்கொள்ளவில்லை.

2

அந்தக் கோபத்தில்தான் மூக்கனைப் பற்றி ஹாரியிடம் சொன்னேன்.

மூக்கன் எங்கள் அப்பாவின் லாரி. யுத்தம் முடிந்ததும் பட்டாளத்துக்காரர்கள் வேண்டாமென்று ஏலம் விட்ட இங்கிலீஷ் வண்டிகளில் ஒன்று. எஞ்சின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், அதனால் அந்தப் பெயர். சங்கரன்கோவில் பஞ்சை விருதுநகருக்கு ஏற்றிப்போகும், திரும்பும்போது மளிகை ஏற்றி வரும். கோயிலில் ஆடித் தபசுத் திருவிழாவுக்கு இளையரசனேந்தல் பக்கத்து ஜனமெல்லாம் அதில் ஏறித்தான் வருவார்கள். ரயில்வே கேட்டைத் தாண்டும்போது அது போடுகிற உறுமலைக் கேட்டுத்தான் அம்மா உலை வைப்பாள்.

நான் இங்கே வந்த மூன்றாம் வருஷம், விருதுநகரில் லோடு இறக்கிவிட்டுத் திரும்பி வந்த அப்பா, வீட்டை ஒட்டிய காலி மனையில் வண்டியை நிறுத்தினார். எஞ்சினை அணைத்தார். கீழே இறங்கவில்லை. ஸ்டியரிங்கில் சாய்ந்தபடியே போய்விட்டார். எனக்குத் தந்தி வந்து சேர்ந்தபோது தகனமும் மறுநாள் காடாற்றும் முடிந்திருந்தன. நான் போகவில்லை. போய் என்ன செய்ய?

அதற்கப்புறம் யாரும் அந்த வண்டியைத் தொடவில்லை. அம்மா அதற்குள் விறகு அடுக்கினாள். கோழி அடைகாத்தது. ஆமாம், எங்கள் மூக்கனிலும்தான். நான் ஊருக்குப் போனது ஒரே ஒரு தடவை, ஆறு வருஷத்துக்கு முன்னால். அப்போது அந்தச் சீட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன். அப்பாவுக்கென்று எனக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரு சீட்டுதான்.

இந்த வருஷம் என் தம்பி சங்கரன் ஒரு கேசட்டில் பேசி அனுப்பியிருந்தான். ஊரில் அவனுக்கு இரண்டு பவர்லூம் ஓடுகிறது. “அண்ணே, தறி போட எடமில்ல. அந்த மனையில ஷெட்டு போடலாம்னு இருக்கேன். பழைய இரும்பு எடுக்க ஆளு ஆடித் தபசு கழிஞ்சு வாரேன்னு சொல்லிருக்கான். கேஸ் வச்சு வெட்டி எடுத்துருவான். நீ என்ன சொல்லுதே?”

நான் என்ன சொல்ல? அப்பா உயிரை விட்ட சீட்டைக் கேஸ் வைத்து வெட்டுவானாம். டேப் ரிக்கார்டரை அணைத்துவிட்டு வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தேன். என் மனைவி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

இதை ஹாரியிடம் சொன்னபோது மனிதர் காரை ஓரமாக நிறுத்திவிட்டார். இந்த நாட்டில் அந்த வகைப் பட்டாள லாரியை எல்லோரும் எப்போதோ உடைத்துத் தீர்த்துவிட்டார்களாம். இவர் வருஷக்கணக்காகத் தேடுகிறாராம். “படம் வரவழை. முன்னால், பின்னால், இரண்டு பக்கம், அடிப்பாகம், எஞ்சின். கதவுக்குக் கீழே கம்பெனிக்காரன் அடித்த பித்தளைத் தகடு இருக்கும், அது முக்கியம். துரு எங்கே இருக்கிறதோ அதை முதலில் எடுக்கச் சொல். படம் சரியாக இருந்தால் நான் எடுத்துக்கொள்கிறேன், கப்பலில் கொண்டுவருவது என் பாடு.”

ஆக, நல்ல படம் வந்தால் மூக்கன் பிழைப்பான். வராவிட்டால் கேஸ் வெட்டுதான்.

3

தம்பிக்கு எழுதினேன். அவனை நம்பி எழுதியதற்கே எனக்கு நெஞ்சுரம் வேண்டும். ஏனென்றால் அவன் இதற்கு முன்னால் ஒரு தடவை மூக்கனுக்கு விளம்பரம் கொடுத்திருக்கிறான். எங்கே தெரியுமா? சினிமாக் கொட்டகையில். இடைவேளையில் ஜவுளிக்கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் சிலைடு போடுவார்களே, அதில். ‘பழைய லாரி விற்பனைக்கு. நேரில் காண்க’ என்று எழுதச் சொல்லியிருக்கிறான். எங்கே போய்க் காண்பது என்று எழுதவில்லை. ஊருக்கே தெரியுமே என்கிறான்!

சிலைடு எழுதுகிறவன் தன் பங்குக்குப் பக்கத்தில் ஒரு லாரிப் படமும் வரைந்துவிட்டான். மூக்கே இல்லாத புது மாதிரி லாரி, நெற்றியில் பூமாலை, இரண்டு விளக்கும் எரிகிறது. அதைப் பார்த்து மேலநீலிதநல்லூரிலிருந்து ஒரு பார்ட்டி வாடகைக் கார் பிடித்து வந்திருக்கிறார். மனைக்குள் போய், விறகைப் பார்த்து, கோழியைப் பார்த்து, என் தம்பியைப் பார்த்திருக்கிறார். “ஏம்வே, சிலைடுல ஒண்ணைக் காட்டி, இங்கன ஒண்ணைக் காட்டுதீரு?” என்று கேட்டுவிட்டு, தெருவே கூடுகிற மாதிரி வைதுவிட்டுப் போனாராம். இதையும் கேசட்டில் அவனே சிரித்துக்கொண்டு சொன்னான்.

அதனால் இந்தத் தடவை நான் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி எழுதினேன். எந்தெந்த இடத்தில் நின்று எடுக்கவேண்டும் என்று படம் போட்டே காட்டினேன். பதில் இல்லை. மறுபடியும் எழுதினேன். சக்கரம் எப்படி இருக்கிறது, பலகை எப்படி இருக்கிறது, தகட்டில் எழுத்து தெரிகிறதா, துரு எங்கெங்கே, உடனே எழுது என்றேன். அதற்கும் பதில் இல்லை. மூன்றாவது கடிதத்தில் வைதே எழுதினேன்.

4

இதற்கு நடுவில் ஆபீஸ்காரர்கள். மூக்கனை இங்கே இறக்குவதற்கு, அது எந்த வருஷத்து வண்டி என்று நம்மூர் வண்டிப் பதிவு ஆபீஸிலிருந்து ஒரு காகிதம் வேண்டும் என்று இங்கே கேட்டார்கள். நம்மூர் ஆபீஸுக்கு எழுதிப் போட்டேன். எப்.சி. என்கிற தகுதிச் சான்று தீர்ந்துபோன வண்டிக்குச் சான்று தர வழியில்லை, எப்.சி. வாங்க வாகனத்துடன் நேரில் வரவும் என்று பதில் வந்தது. சக்கரம் மண்ணுக்குள் புதைந்து கிடக்கிற லாரியை நான் தோளில் தூக்கிக்கொண்டா போவேன்?

இங்கே போய் அதைச் சொன்னால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் சிரித்த முகத்தோடு இன்னொரு விண்ணப்பத்தைத் தள்ளினாள். நம்மூர்க்காரன் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு இல்லை என்கிறான், இவள் பல்லைக் காட்டிக்கொண்டு இல்லை என்கிறாள். அந்த ஒரு வித்தியாசத்துக்குத்தான் நாம் இத்தனை தூரம் வந்திருக்கிறோம்.

5

கடைசியில் தம்பியிடமிருந்து உறை வந்தது. கையில் வாங்கும்போதே கனமாக இருந்தது, ஏழெட்டுப் படம் இருக்கும் என்று நினைத்தேன். பிரித்தால் ஒரே ஒரு கலர் படம். ஸ்டுடியோக்காரரைக் கூட்டிவந்து எடுத்து, பெரிதாகப் போட்டு, அட்டையில் ஒட்டி, ஓரத்தில் பூ வேலை செய்த ஒரே படம்.

என் கண்ணையே நம்ப முடியவில்லை. மூக்கனுக்குப் பெயிண்ட் அடித்திருக்கிறான்! நம்மூரில் எப்.சி.க்குப் போகிற வண்டிக்கு அடிப்பார்களே, எஞ்சின் எப்படிப் போனாலும் சரி, மேலே பளபளப்பு வேண்டும் என்று, அதே அடி. மூக்கு முதல் பின்பலகை வரை ஒரே பச்சை. துரு, ஆணி, கீல், கதவுப்பிடி, எல்லாவற்றுக்கும் மேலே பச்சை. நெற்றியில் மஞ்சள் எழுத்தில் ‘கோமதி அம்மன் துணை’. பானெட்டில் சந்தனம், குங்குமம், ஒரு ஆள் உயர மாலை. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். நகரவே நகராத சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம்!

அதுவாவது போகட்டும். வண்டி தெரிந்தால்தானே? முன்னால் குடும்பமே நிற்கிறது. தம்பி பட்டு வேட்டியில், அவன் மனைவி, அவன் பிள்ளைகள், பக்கத்து வீட்டு அத்தை, அவள் மகள், எல்லோரும் கல்யாண வீட்டில் நிற்கிற மாதிரி தோளோடு தோள் ஒட்டி நிற்கிறார்கள். நடுவில், கதவை ஒட்டி, சரியாக அந்தப் பித்தளைத் தகடு இருக்கவேண்டிய இடத்தை மறைத்துக்கொண்டு, புதுச்சேலையில் அம்மா.

துருவைக் காட்டச் சொன்னால் ஊரையே நிறுத்திக் காட்டியிருக்கிறான். முள்செடிக்குள் படம் எடுத்த அந்த வெள்ளைக்காரன் தேவலை என்று ஆகிவிட்டது எனக்கு.

மூன்று நாள் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டினேன். பூதக்கண்ணாடி வாங்கி வந்தேன். டயரில் இருக்கிற எழுத்தைப் படித்தேன். பானெட் மூடி சற்றுக் கோணலாக உட்கார்ந்திருப்பதைக் கண்டுபிடித்தேன். அம்மாவின் முந்தானைக்கும் கதவுக்கும் நடுவில் ஏதாவது மஞ்சளாகத் தெரிகிறதா, தகட்டின் ஓரமாவது தெரிகிறதா என்று துழாவினேன். முந்தானையை ஒரு விரற்கடை இழுத்துச் செருகியிருந்தால் தெரிந்திருக்கும். ஒன்றும் தெரியவில்லை.

என் மகள் கோமதி எட்டிப் பார்த்தாள். மூன்று வயதில் இங்கே வந்தவள், இப்போது பதினைந்து. நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்வாள். நான் வைது வைது அலுத்துவிட்டேன்.

“ஒரு போட்டோவைப் பார்த்து எதற்கு அப்பா இவ்வளவு கத்துகிறீர்கள்?” என்று இங்கிலீஷில் கேட்டாள். அப்புறம் படத்தைத் திருப்பிப் பிடித்து, “இதில் யார் உங்கள் அம்மா?” என்றாள்.

ஆச்சி என்று சொல்ல அவளுக்கு வரவில்லை. வந்திருந்தாலும் ஆள் எது என்று தெரிந்திருக்காது. நான் விரலால் தொட்டுக் காட்டிவிட்டு, “இவள் கொஞ்சம் தள்ளி நின்றிருந்தால் எல்லாம் சரியாகப் போயிருக்கும்” என்று சொன்னேன். மகள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு மாடிக்குப் போனாள்.

ஹாரி டிப்போவில் தினமும் கேட்டார். இன்னும் வரவில்லை என்று பொய் சொன்னேன். எந்த முகத்தோடு காட்ட?

6

ஞாயிற்றுக்கிழமை காலையில் நூல் கடையில் வந்து இரு என்று தம்பிக்குத் தந்தி கொடுத்துவிட்டு, டிரங்க் கால் பதிவு செய்தேன். ஊரில் எங்கள் தெருவில் போன் இருப்பது அந்த நூல் கடையில் மட்டும்தான். காத்திருந்த நேரமெல்லாம் என்ன வைவது என்று வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். லைன் கிடைத்ததும் வரிசை போய்விட்டது.

“அண்ணே, போட்டோ வந்துதா? எப்படி இருக்கு? வெள்ளைக்காரன் என்ன சொல்லுதான்?” சந்தோஷமாகக் கேட்டான். அந்தச் சந்தோஷம்தான் என்னைக் கிளப்பிவிட்டது.

“ஏலே, உனக்கு மூளை இருக்கா? துருவைக் காட்டுலேன்னு மூணு தடவை எழுதினேம்லா? பெயிண்ட் அடிக்கச் சொல்லி எவம்லே சொன்னான்?”

“பின்னே, விக்க வண்டியை அழுக்காவா காட்டுவாக? என்னண்ணே பேசுத நீ? பெயிண்டரைக் கூட்டியாந்து ரெண்டு நாளு நானும் கூட நின்னு அடிச்சேன்.”

“அடிச்சது போதாதுன்னு குடும்பத்தோட போயி முன்னால நிக்கியே, லாரியை விக்கமா, உங்களையெல்லாம் விக்கமா? தகடு இருக்க எடம் பாத்து அம்மா ஏம்லே நிக்குதா? தள்ளி நிக்கச் சொல்லத் தெரியாதா உனக்கு?”

அந்தப் பக்கம் நூல் கடைக்காரர் யாரோடோ பேசுவது மட்டும் கேட்டது.

“நாங்க யாரும் நிக்கதா இல்லண்ணே,” என்றான் தம்பி. குரல் மாறிவிட்டது. “லாரியை மட்டும் எடுக்கணும்னுதான் ஸ்டுடியோக்காரரைக் கூட்டியாந்தேன். நீ எழுதினதையெல்லாம் அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டுவேம்லா? மூணு கடுதாசியையும் கேட்டா. சக்கரம் எப்படி இருக்குன்னு கேக்குதான், பலகை எப்படி இருக்குன்னு கேக்குதான், என்னைய ஒரு வார்த்தை கேக்கலையேன்னா. நான் என்ன சொல்ல? அன்னைக்கு லாரியை எடுக்கப் போறோம்னதும் புதுச்சேலையைக் கட்டிக்கிட்டு வந்து நின்னுட்டா. பெரியவன் லாரியை உத்துப் பாப்பான், அதுக்கு முன்னால நின்னா நானும் கண்ணுல படுவேம்லான்னு சொல்லுதா. அவளைப் போயி தள்ளி நில்லுன்னு சொல்லச் சொல்லுதியா? நீயா இருந்தா சொல்லுவியா?”

நான் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

“அவ ஒத்தையில நிக்கக்கூடாதுன்னுதான் நாங்களும் கூட நின்னோம். வெயில்ல வரக்கூடாதுன்னு டாக்டரு சொல்லிருந்தாரு. அப்பம் கண்ணு ஆபரேஷன் முடிஞ்சு நாலு நாளுதான் ஆயிருந்துது. கேக்கலியே.”

“என்ன ஆபரேஷன்? எப்பம்லே?”

“போட்டோவுல பாக்கலியா நீ? பச்சைத் துணி கட்டிருக்கால்லா.”

படம் மேஜை மேல்தான் இருந்தது. போன் ஒரு கையில் இருக்க, மறு கையால் பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துப் பார்த்தேன். பச்சை லாரி. அதற்கு முன்னால் அம்மாவின் முகம். இடது கண்ணை மறைத்து நெற்றியிலிருந்து ஒரு பச்சைத் துணி தொங்குகிறது. பெயிண்டோடு பெயிண்டாகக் கிடந்தது. மூன்று நாள் அந்த முகத்துக்குப் பக்கத்திலேயே தகட்டைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். மறு கண்ணால் அவள் நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏன் எனக்கு எழுதல?” என்று கத்தினேன். கோபம் மட்டும் குறையவே இல்லை.

“எழுத என்ன இருக்கு? லாரிக்குத் துரு எங்கன இருக்குன்னுதானே நீ கேட்ட?”

“லாரியை வெட்டச் சொல்லுலே,” என்றேன். “எனக்கு வேண்டாம். நாளைக்கே வெட்டி எடுத்துட்டுப் போகச் சொல்லு.”

“ஏன், வெள்ளைக்காரன் வேண்டாம்னுட்டானா?”

“அவன்கிட்ட நான் காட்டவே இல்ல. அதை விடு. ஸ்டுடியோக்காரரைத் திரும்பக் கூட்டிட்டு வா. அம்மாவை மட்டும் தனியா ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. முகம் நல்லாத் தெரியணும். பக்கத்துல நின்னு எடுக்கச் சொல்லு.”

மூன்று நிமிடம் முடியப்போகிறது என்று ஆபரேட்டர் பெண் குறுக்கே வந்து சொன்னாள். தம்பி அதைப் பொருட்படுத்தவில்லை. பிறந்ததிலிருந்து என்னிடம் ஒரு நாளும் குரலை உயர்த்தாதவன், அன்றைக்கு நூல் கடையே கேட்கும்படி பேசினான்.

“அனுப்ப மாட்டேன். விக்க சாமானுக்குத்தான் போட்டோ எடுத்து அனுப்புவாக. பெத்தவளைப் பாக்கணும்னா வண்டியேறி வந்து பாரு.”

போனை அவன்தான் முதலில் வைத்தான்.